காய்ச்சல் வராத பிள்ளை

தரம் எட்டில் படிக்கும் ஒரு பெண்பிள்ளையின் விலை இரண்டு தசம் மூன்று எட்டு வீதம். இது கல்முனைச் சந்தை விலையல்ல, பாடசாலை விலை. சந்தையென்றால் பேசிக் குறைத்துக்கொள்ளலாம்.

இந்த விலையை முதன்முதலில் காதால் கேட்டவர் ஸலாஹுதீன். பஸாரில் வெட்டுத்துணிக் கடை வைத்திருப்பவர். முழுத்துணியில் மிச்சப்படும் ஒன்றரை யார், ஒன்றே முக்கால் யார் நீளத் துண்டுகளை வாங்கி விற்று மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர். அதிபர் றிம்சான் அவரைத் தன் அலுவலகத்துக்கு அழைத்து, மேசைக்கு முன்னால் நிற்க வைத்து, சுழலும் கதிரையில் அரைவட்டம் அடித்துவிட்டுச் சொன்னார்:

"இஞ்ச பாருங்க, உங்கட மகள் அப்னாவால எங்களுக்கு ரெண்டு தசம் மூண்டு எட்டு நட்டம்."

ஸலாஹுதீன் பதறிப்போனார். "எத உடைச்சிட்டா சேர்? நான் மாத்தித் தாறன்."

"ஒண்டும் உடைக்கல்ல. இனித்தான் உடைக்கப் போறா. வீதத்த."

அதிபர் விளக்கினார். மாகாணம் முழுவதும் தரம் எட்டுக்குக் கணித அடைவுப் பரீட்சை வரப்போகிறது. முப்பத்தைந்து புள்ளி எடுத்தால் சித்தி. வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். நூறை நாற்பத்திரண்டால் வகுத்தால் ஒரு பிள்ளை இரண்டு தசம் மூன்று எட்டு. கல்வி வலயத்தில் பதினேழு பாடசாலைகள், போன வருடம் இவர்கள் பதினாறாவது. பதினேழாவதாக வந்த பாடசாலையில் கணித ஆசிரியரே இல்லை. இந்தப் பாடசாலையில் நதீரா ரீச்சர் இருக்கிறார் என்பதால், ஒரு ரீச்சரின் பெறுமதி ஓர் இடம் என்று வலயம் கணக்கெடுத்திருந்தது.

"இந்த முற நூறு வீதம் காட்டச் சொல்லி வலயம் சொல்லிட்டு" என்றார் அதிபர். "வீதம் எண்டுறது எழுதினவங்களில எத்தின பேர் பாஸ் எண்டுறது. எழுதாதவங்க கணக்கில வரமாட்டாங்க. விளங்குதா?"

"விளங்குது சேர். எழுதாட்டி நல்லம்."

"அப்பிடிச் சொல்லப்படாது. சுகமில்லாட்டி நல்லம்."

மேசையில் ஒரு கடிதக் கட்டு இருந்தது. அச்சடித்த கடிதம். 'எனது மகன்/மகள் ................ காய்ச்சல் காரணமாகப் பரீட்சைக்குத் தோற்ற முடியாது என்பதை மன வருத்தத்துடன் அறியத் தருகிறேன்.' திகதி முன்கூட்டியே போடப்பட்டிருந்தது. பெயரும் பெற்றோரின் ஒப்பமும்தான் பாக்கி. கீழே வரிசையாகப் பிரதிகள்: வலயக் கல்விப் பணிமனை, கோட்டக் கல்விப் பணிமனை, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, கோப்பு. எத்தனை பிரதி போடுகிறோமோ அத்தனை மதிப்பு ஒரு கடிதத்துக்கு என்பது அதிபரின் முப்பது வருட சேவை அனுபவம்.

"பரீட்சைக்கு இன்னும் மூண்டு கிழம இரிக்கே சேர். காய்ச்சல் வரும் எண்டு இப்பவே எப்பிடித் தெரியும்?"

"இதுக்குப் பேர்தான் திட்டமிடல்."

ஸலாஹுதீன் பேனாவை எடுத்தார். எடுத்தவர், சரக்கைப் பார்க்காமல் ஒப்பம் வைக்கும் பழக்கம் பஸாரில் இல்லாததால், வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுத் தருவதாகச் சொல்லி மடித்துப் பைக்குள் வைத்தார்.

வீட்டில் மனைவி பரீனா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கடிதத்தை அப்னாதான் சத்தமாக வாசித்தாள்.

"எனக்குக் காய்ச்சல் இல்லியே வாப்பா."

"இனி வருமாம் மகள்."

"தரம் ஆறிலயும் இப்பிடித்தான் வந்த. ஏழில வயித்துவலி வந்த. ரெண்டு தரமும் நான் வீட்டில குந்தி ரீவி பார்த்த. எனக்குக் கணக்கில எத்தின எண்டு இன்னும் ஒருக்காவும் தெரியா."

"தெரிஞ்சி என்ன செய்யப் போறாய் புள்ள?" என்றாள் பரீனா. "முப்பது எண்டாலும் அவமானம், இருபது எண்டாலும் அவமானம்."

"அது என்ட முப்பதுதானே உம்மா. எனக்கு எத்தின எண்டு எனக்குத் தெரிய வேணும். நான் எழுதுவன்."

ஸலாஹுதீன் யோசித்தார். கடைக்கு வரும் ஒவ்வொரு துண்டையும் அவர் அளந்துதான் வைப்பார். அரை யார்த் துண்டென்றாலும் அரை யார் என்று எழுதி ஒட்டுவார். அளக்காத துணிக்கு விலை சொன்னதே கிடையாது. பிள்ளையை மட்டும் அளக்காமலே கழித்துப் போடச் சொல்கிறார்களே என்று அவருக்குப் பட்டது. கடிதத்தில் ஒப்பம் வைக்கவில்லை.

சுற்றுநிருபத்தின்படி பெற்றோரின் ஒப்பமில்லாத காய்ச்சல் செல்லாது. அப்னாவைப் போலவே காய்ச்சல் ஒதுக்கப்பட்ட மற்றப் பதினேழு பிள்ளைகளின் பெற்றோரும் ஒப்பம் வைத்தார்கள். வகுப்பில் இருபத்தைந்து பேர் மிஞ்சினார்கள்.

இந்த இடத்தில் கணிதம் தன் வேலையைக் காட்டியது. இருபத்தைந்து பேரில் ஒரு பிள்ளை இரண்டு தசம் மூன்று எட்டு அல்ல, நான்கு வீதம். அடுத்த கிழமை அப்னாவைத் தவிர மற்ற இருபத்திநான்கு பேருக்கும் ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தார்கள். முப்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையில் ஒன்பது பேர். போன கிழமை இவர்கள் சித்தியடையக்கூடிய பிள்ளைகள். இந்தக் கிழமை ஒவ்வொருவரும் நான்கு வீத ஆபத்து. அவர்களுக்கும் காய்ச்சல் ஒதுக்கப்பட்டது. பதினாறு பேர் மிஞ்ச, அப்னாவின் விலை ஆறேகால் வீதமாக ஏறியது.

அதிபர் மறுபடி அழைத்தார். இம்முறை கதிரையும் அண்ணன் முறையும் கொடுத்தார்.

"காக்கா, கொஞ்சம் யோசிங்க. ஆறேகால்."

"போன கிழம ரெண்டு சொச்சம் எண்டு சொன்னயள் சேர்."

"மார்க்கட் ஏறிட்டு காக்கா."

வாழ்நாள் முழுக்க வியாபாரம் செய்தும், கையே வைக்காத ஒரு சரக்கு இரண்டு கிழமைக்குள் இரண்டரை மடங்கு ஏறியதை ஸலாஹுதீன் கண்டதில்லை. இப்படி ஏறும் சாமானை விற்பவன் மடையன் என்று அவருக்குள் இருந்த வியாபாரி சொன்னான். ஒப்பம் வைக்காமல் வீட்டுக்கு வந்தார்.

பதினாறு பேரில் எழுபதுக்குக் கீழே எடுத்த பத்துப் பேர் அடுத்து விழுந்தார்கள். ஆறு பேர் மிஞ்சினார்கள். அப்னா பதினாறு தசம் ஆறு ஏழு. அன்றைக்கு அதிபர் கடைக்கே வந்தார். கையில் கேக் பெட்டி.

"ஹாஜியார்!"

ஸலாஹுதீன் திரும்பிப் பின்னால் பார்த்தார். அவர் ஹஜ்ஜுக்குப் போனதில்லை. போகிற யோசனையும் அந்த வருடம் இல்லை.

"உங்களத்தான் ஹாஜியார். ஒரு ஒப்பம். ஒரு நிமிசம்."

"சேர், எழுபதுக்கு மேல எடுக்கிற அஞ்சு புள்ளையும் இரிக்கிதானே? அதுகள எழுத விடுங்க."

"எழுவது எடுக்கிற புள்ளைக்குப் பயம் வந்தா முப்பது எடுக்கும். போன வருசம் தொண்ணூறு எடுக்கிற பொடியன் ஒருவன் தன்ட பேரையே பிழையா எழுதினவன். நாங்க எச்சரிக்கையா இரிக்கணும்."

அந்த எச்சரிக்கையில் ஐந்தில் நான்கு பேருக்குக் காய்ச்சல் வந்தது. நாற்பது கடிதங்கள் சேர்ந்தன. மிஞ்சியவர்கள் இருவர்: எந்தப் பரீட்சையிலும் தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்காத நஸ்லின், ஒப்பம் கிடைக்காத அப்னா. ஆளுக்கு ஐம்பது வீதம்.

நஸ்லினை அதன் பிறகு யாரும் பிள்ளையாகப் பார்க்கவில்லை. காலையில் இரண்டு அவித்த முட்டை, பத்து மணிக்கு மோல்ட் பால், லுஹர் தொழுகைக்குப் பிறகு பேரீச்சம்பழம், அஸர் தொழுகைக்குப் பிறகு இன்னும் இரண்டு முட்டை. மழைக்குக் குடையும் வெயிலுக்குக் குடையும் பிடிக்க இரண்டு ஆசிரியர்கள். தண்ணீர் கொதிக்க வைத்து ஆற்றி, ஓதி ஊதிக் கொடுக்கப்பட்டது. அவள் ஒருமுறை தும்மினாள். உடனே பிரதி அதிபர் வலயத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

வலயத்திலிருந்து அடைவு மேம்பாட்டு இணைப்பாளர் சுபியான் நேரில் வந்து ஆசிரியர் கூட்டத்தில் பேசினார்.

"மதிப்புக்குரிய ஆசிரியர்களே! பிள்ளைகள் வருவார்கள், போவார்கள். வீதம்தான் நிலைத்து நிற்கும். ஒரு நல்ல பாடசாலை என்பது பிள்ளைகளைச் சுமக்கும் பாடசாலையல்ல, தேவையற்ற சுமையை இறக்கி வைக்கும் பாடசாலை. இப்பாடசாலை நாற்பது சுமைகளை இரண்டே கிழமையில் இறக்கியிருக்கிறது. இவ்வேகத்தில் மாகாணத்தில் எந்தப் பாடசாலையும் கற்பித்ததில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். நதீரா ரீச்சர் மட்டும் கையை உயர்த்தினார்.

"சேர், நாப்பது புள்ளையும் வகுப்பில இல்ல. நான் இப்ப ஆருக்குப் படிப்பிக்கிற?"

"நல்ல கேள்வி. நஸ்லினுக்கு எல்லாம் தெரியும்தானே?"

"ஓம்."

"அப்ப ஓய்வெடுங்க ரீச்சர்."

ரீச்சர் ஓய்வெடுக்கவில்லை. பின்வாங்கில் தனியே இருந்த அப்னாவுக்குப் பக்கத்தில் போய்க் குந்தி, வீதக் கணக்கைப் படிப்பித்தார். ஓர் ஆசிரியர், ஒரு பிள்ளை, ஐந்து நாள். வலயத்தில் எவருக்கும் கிடைக்காத வசதி அப்னாவுக்குக் கிடைத்தது இப்படித்தான்.

இதற்கிடையில் பாடசாலை எழுதுவினைஞர், கடிதத்தின் அடியில் பிரதிகள் என்று போட்டிருந்த பணிமனைகளுக்கெல்லாம் பிரதிகளை அனுப்பிவிட்டார். பிரதி என்பது அச்சடிப்பதற்கு மட்டும், அனுப்புவதற்கல்ல என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான்.

சுகாதாரப் பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நிதர்சன் தபாலைப் பிரித்தார். பாண்டிருப்பைச் சேர்ந்தவர், நிதானமான மனிதர். ஒரே வகுப்பு, ஒரே திகதி, நாற்பது காய்ச்சல். தான் சேவைக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒழுங்காக வந்த டெங்குவை அவர் கண்டதில்லை.

பரீட்சையன்று காலை ஏழரைக்கு நான்கு பேர் முதுகில் புகைக் கருவியைக் கட்டிக்கொண்டு பாடசாலை வாசலில் வந்து நின்றார்கள்.

"தம்பி, இஞ்ச ஒருவருக்கும் டெங்கு இல்ல!" அதிபர் ஓடிவந்தார்.

"நாப்பது கடிதம் இரிக்கு சேர். நீங்கதான் அனுப்பியிருக்கீங்க."

"அது அந்தக் காய்ச்சல் இல்ல தம்பி."

"அப்ப எந்தக் காய்ச்சல்?"

பொய்யென்றால் நாற்பது கடிதமும் செல்லாது, மெய்யென்றால் புகை அடித்தாக வேண்டும். அதிபர் வழியைவிட்டு விலகினார். புகை அடிக்கப்பட்டது. வடிகான், தண்ணீர்த்தாங்கி, மலசலகூடம், கடைசியாகப் பரீட்சை மண்டபம். மண்டபத்தின் நடுவில், வெளிக்காற்று படக்கூடாதென்று யன்னலெல்லாம் பூட்டி, ஆறு மணிக்கே கொண்டுவந்து இருத்தப்பட்டிருந்த நஸ்லின் புகைக்குள் இருமிக்கொண்டு எழுந்து வந்தாள். வாசலில் அன்று காலை தின்ற இரண்டு முட்டையையும் வாந்தியெடுத்துவிட்டு மூச்சுத் திணறிச் சரிந்தாள்.

பாடசாலையின் ஐம்பது வீதத்தை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு அதிபர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பின்னால் மற்ற ஓட்டோக்களில் பிரதி அதிபரும் இரண்டு குடை ஆசிரியர்களும். சுவாசக் குழாயைக் கழற்றியதும் அந்தப் பிள்ளை கேட்ட முதல் கேள்வி, "சேர், நான் இனி முட்ட தின்னத் தேவல்லதானே?" என்பதுதான். நாற்பத்தோராவது கடிதம் அங்கேதான் எழுதப்பட்டது. அந்தக் கடிதக் கட்டு முழுவதிலும் ஒரே ஒரு மெய்யான கடிதம்.

பாடசாலையில் எட்டரை மணி அடித்தது. எட்டரைக்கு வினாத்தாளைப் பிரிக்க வேண்டும் என்பது சுற்றுநிருபம். நதீரா ரீச்சர் யன்னல்களைத் திறந்து, புகை போக விட்டு, கட்டைப் பிரித்தார். நாற்பத்திரண்டு மேசைகளில் ஒன்றில் அப்னா இருந்தாள். கண் எரிந்து தண்ணீர் வடிந்தது. மகளுக்காக வாசலில் காவல் நின்ற ஸலாஹுதீன் மட்டும் அவள் அழுகிறாளாக்கும் என்று நினைத்தார்.

"தாளில பரீட்சைச் சுட்டெண் எழுதினயா?"

"ஓம் ரீச்சர்."

"அப்ப தொடங்கு."

இரண்டு கிழமை கழித்துப் பாராட்டு விழா. பரீட்சையை மேற்பார்த்தவர் யார், திருத்தினவர் யார் என்று ஒருவரையும் கேட்காமல், வலயம் ஒரு புதிய விருதைக் கண்டுபிடித்திருந்தது: 'சித்தியடையத் தவறியோர் பூச்சியம்'. மாகாணத்திலேயே இந்தத் தகுதி பெற்ற ஒரே பாடசாலை. அப்னாவின் விடைத்தாள் வலயத்துக்குப் போகவில்லை. "அத உங்கட ஹேண்ட்பேக்கில வைங்க ரீச்சர், கொஞ்ச நாளைக்கு" என்று அதிபர் சொல்லியிருந்தார். ரீச்சர் வைத்தார். வைக்கும் முன் திருத்தினார்.

மேடையில் முழு அகலத்துக்குப் பெனர்:

பதிவு 42. சுகவீனம் 41. தோற்றியோர் 0. தவறியோர் 0.

சுபியான் ஒலிவாங்கியைப் பிடித்தார். டெங்கு ஒழிப்புக்கு ஒத்துழைத்த பாடசாலை என்று சான்றிதழ் கொடுப்பதற்காக நிதர்சனும் மேடையில் இருந்தார்.

"ஒரு மாணவர்கூடத் தவறவில்லை. இதை எப்படிச் சாதித்தீர்கள் என்று மற்ற வலயங்கள் கேட்கின்றன. நான் சொன்னேன், இது ஆசிரியர்களின் சாதனை மட்டுமல்ல. நோய்வாய்ப்பட்டிருந்தும் தம் பங்களிப்பை வழங்கிய பிள்ளைகளின் சாதனை. அடுத்த வருடம் தரம் ஆறு, ஏழு, ஒன்பது எல்லாவற்றுக்கும் இந்தச் சுகவீனத்தை விரிவுபடுத்தத் திட்டமிட்டுள்ளோம். கேள்விகள் ஏதும்?"

கேள்விகள் ஏதும் என்பது பேச்சை முடிக்கும் முறை. யாரும் கேட்பதில்லை. மூன்றாம் வரிசையில் வாப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த அப்னாவுக்கு அது தெரியாது. எழும்பினாள்.

"சேர், நாப்பத்தொண்டும் பூச்சியமும் எப்பிடி நாப்பத்திரண்டு?"

சுபியான் பெனரைத் திரும்பிப் பார்த்தார். அதிபரைப் பார்த்தார். அதிபர் கூரையைப் பார்த்தார்.

"அச்சுப்பிழையா இரிக்கும். சுகவீனம் நாற்பத்திரண்டு."

"நாற்பத்தொண்டுதான் சேர்" என்றார் நிதர்சன். "கடிதம் எல்லாம் என்ட கோப்பில இரிக்கு. நான் ரெண்டு தரம் எண்ணினன்."

"அப்ப அந்த ஒண்டு எங்க போன?" என்றார் சுபியான்.

"நான்தான் சேர் அது" என்றாள் அப்னா. "நான் எழுதின. எனக்கு எத்தின எண்டு இன்னும் ஒருவரும் சொல்லல்ல."

நதீரா ரீச்சர் கைப்பையைத் திறந்து விடைத்தாளை எடுத்தார். "முப்பத்திநாலு, சேர்."

மண்டபம் முழுவதும் பெனரைப் பார்த்தது. அப்னா மட்டும் சிரித்தாள். முப்பது இருக்குமென்று நினைத்திருந்தாள். நான்கு கூட.

சுபியான் கணக்குப் பார்த்தார். தோற்றியவர் ஒன்று, சித்தி பூச்சியம், பூச்சிய வீதம். பதினேழாவது இடம். மேசையில் கிண்ணம் மினுங்கிக்கொண்டிருந்தது. அப்போது அவருக்கு ஒரு சுற்றுநிருபம் ஞாபகம் வந்து முகம் மலர்ந்தது.

"கருணைப் புள்ளி! முப்பத்திநாலில் நிற்கும் மாணவருக்கு ஒரு கருணைப் புள்ளி வழங்கலாம். ஒண்டு போட்டா முப்பத்தஞ்சி. ஒருவர் தோற்றி ஒருவர் சித்தி. நூறு வீதம்!"

"அல்ஹம்துலில்லாஹ்!" அதிபர் எழுந்துவிட்டார். "நான் அப்பவே சொன்ன, இந்தப் புள்ள கெட்டிக்காரி எண்டு. ஹாஜியார், மேடைக்கு வாங்க!"

ஸலாஹுதீன் மகளைக் கூட்டிக்கொண்டு மேடையேறினார். பொன்னாடை போர்த்தப்பட்டது. நல்ல பொலியெஸ்டர், இரண்டு யார் இருக்கும் என்று கை தானாகத் தடவிப் பார்த்தது.

"எந்தக் கேள்விக்கு சேர் புள்ளி போடுற?" என்று ரீச்சர் கேட்டார். "எதுக்கு எண்டு எழுத வேணும், சுற்றுநிருபத்தில இரிக்கி."

"தாங்க, நான் பார்க்கன்." சுபியான் விடைத்தாளை வாங்கிப் புரட்டி, ஒலிவாங்கியிலேயே வாசித்தார். "பதினோராம் கேள்வி. ஒரு வியாபாரி ஆயிரம் ரூபாய்ப் பொருளின் விலையை இருபது வீதம் கூட்டினார். பின்னர் அந்தப் புதிய விலையில் இருபது வீதம் குறைத்து விற்றார். இலாபமா, நட்டமா, எவ்வளவு? இவ எழுதியிரிக்கிறா, நட்டம் நாப்பது ரூபா. ரீச்சர், இதுக்கு ஏன் ஒரு புள்ளி போட்டீங்க?"

"விட சரி சேர். செய்முற எழுதல்ல. அதால மூண்டில ஒண்டுதான்."

"எப்பிடிச் சரி? கூட்டினதும் இருவது, குறைச்சதும் இருவது. சமன். இலாபமும் இல்ல, நட்டமும் இல்ல."

"சேருக்குக் கண் எண்டா கண்!" என்றார் அதிபர்.

ஸலாஹுதீன் தொண்டையைச் செருமினார். "சேர், அது நட்டம்தான். நாங்க தினமும் படுற நட்டம்."

"ஹாஜியார், இது வியாபாரம் இல்ல, கணிதம்."

"அப்ப சேர், உங்கட சம்பளத்த இந்த மாசம் இருவது கூட்டி, வாற மாசத்தில இருந்து அந்தக் கூட்டின சம்பளத்தில இருவது குறைச்சித் தந்தா உங்களுக்குச் சம்மதமா?"

"தாராளமாக. எனக்கு என்ன, சமன்தானே."

சபையில் இருந்த பஸார்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு வாடிக்கைக்காரர் இவ்வளவு காலம் வலயத்தில் ஒளிந்திருந்தது அவர்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

சுபியான் சிவப்புப் பேனாவை எடுத்தார். பிழையைக் கண்டும் திருத்தாமல் விடுவது அவர் கொள்கையல்ல. பதினோராம் கேள்வியின் ஒரு புள்ளியை வெட்டினார். மேலே முப்பத்திநான்கை வெட்டி முப்பத்துமூன்று போட்டு ஒப்பமும் வைத்தார். திகதியும் போட்டார்.

"இப்ப அந்தக் கருணைப் புள்ளியப் போடுங்க சேர்" என்றார் அதிபர்.

சுபியான் பேனாவைத் தூக்கினார். தூக்கியபடியே நின்றார்.

"ஏலா."

"ஏன் சேர்?"

"கருணைப் புள்ளி முப்பத்திநாலில நிக்கிற புள்ளைக்கு மட்டும்தான். இவக்கு முப்பத்திமூண்டு."

"இப்ப முப்பத்திநாலாத்தானே சேர் இருந்த?"

"இருந்த. நான் திருத்திட்டன். ஒப்பம் வச்ச தாளைத் திருப்பித் திருத்த மாகாணத்தில அனுமதி எடுக்கோணும். ஆறு மாசம் ஆகும்."

கிண்ணம் மறுபடி பெட்டிக்குள் போய், பெட்டி வலய வாகனத்துக்குள் போனது. அதிபர் ஹாஜியாரிடம் பேசவில்லை. பொன்னாடையை ஒருவர் வந்து மெதுவாக உருவிக்கொண்டு போனார். வேறு விழா ஒன்று இருந்ததாம். நதீரா ரீச்சர் விடைத்தாளை மடித்து அப்னாவின் கையில் கொடுத்தார். "உனக்கு முப்பத்திநாலு. அத மறந்திடாத."

வீட்டுக்கு வரும் வழியில் அப்னா விடைத்தாளை இரண்டு தரம் வாசித்தாள். கடை வாசலில் நின்று, வாப்பாவின் பேனாவை வாங்கி, விடைத்தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். இந்த முறை செய்முறையோடு.

நான் எடுத்தது 34
சேர் பிழையாக வெட்டியது 1
34 − 1 = 33
வெட்டியதைத் திருப்பித் தந்தால் 33 + 1 = 34
தருவதாகச் சொன்னதையும் தந்தால் 34 + 1 = 35
ஆகவே, வலயம் எனக்குத் தரவேண்டியது 2 புள்ளி.